வீடியோ காலில் முதலாளி முகம், பணம் கேட்பது வேறொருத்தன்: கம்பெனியிலும் வீட்டிலும் என்ன முறை வைக்கலாம்?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. டீப்ஃபேக், அதாவது கம்ப்யூட்டர்ல செய்யற போலி முகம், போலிக் குரல் பத்தி "உஷாரா இருங்க"ன்னு ஃபார்வேர்டு வந்துகிட்டே இருக்குது. உஷாரா இருக்கறதுன்னா கையால என்ன செய்யோணும்னு மட்டும் அதுல இருக்கறதில்லை. இந்த இழையில அதை மட்டும் பேசலாம்.

ஹாங்காங்ல 2024 தொடக்கத்துல அரூப்ங்கற பெரிய கட்டடப் பொறியியல் கம்பெனிக்கு நடந்தது தெரிஞ்சிருக்கும். ரகசியமாப் பணம் அனுப்பச் சொல்லி வந்த செய்தியை அங்க நிதிப்பிரிவு ஆள் முதல்ல சந்தேகப்பட்டிருக்காரு. அப்பறம் வீடியோ மீட்டிங்ல நிதித் தலைவரும் கூட வேலை செய்யறவங்களும் திரையில தெரிஞ்சதும் சந்தேகம் போயிருச்சு. திரையில இருந்தது அத்தனையும் போலி. 15 தடவையா, 5 கணக்குக்கு, 20 கோடி ஹாங்காங் டாலர் போச்சு. அதாவது சந்தேகத்தைத் தீர்த்து வெச்சதே அந்த வீடியோதான். நம்ம பக்கத்துலயே கோழிக்கோட்டுல 2023ல, பழைய சகஊழியர் முகத்தோட வந்த வாட்ஸ்அப் காலை நம்பி ஒருத்தர் 40,000 ரூபாய் அனுப்பியிருக்காரு.

திருப்பூர்ல இது எந்த நேரத்துல வரும்னு யோசிச்சுப் பாருங்க. சனிக்கிழமை சாயங்காலம். டெய்லர், கட்டிங், செக்கிங் சம்பளம் ஒரு பக்கம், நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங் ஜாப்வொர்க் பில்லு இன்னொரு பக்கம். முதலாளி வெளிநாட்டுக் கண்காட்சியில இருக்கறது அவர் போட்ட போட்டோவுலயே ஊருக்கெல்லாம் தெரியும். அந்நேரம் பார்த்து அக்கவுண்ட்ஸ் பையனுக்கு அவர் முகத்தோட கால் வந்தா என்ன பண்ணுவான்? முகத்தைச் சோதிக்க வழி இருக்குதா, கம்பெனியில பணம் அனுப்பற முறையை எப்படி மாத்தறது, போயிருச்சுன்னா முதல் ஒரு மணி நேரத்துல என்ன செய்யறது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பவானிக்கூடல்

தொழில்நுட்பப் பக்கத்தை நான் எடுத்துக்கறேன். "டீப்ஃபேக் மோசடி"ன்னு ஒரே பேர்ல சொல்றது மூணு வேற வேற சங்கதி.

முதலாவது விளம்பர வீடியோ. ஒரு பிரபலத்தோட நிஜமான பழைய பேச்சை எடுத்து, குரலை மாத்தி, உதட்டசைவை மட்டும் புதுக் குரலுக்குப் பொருத்தறது. தோள், கை, பின்னணி எல்லாம் அசல்ங்கறதால பார்க்கறவங்க ஏமாந்துடறாங்க. ரெண்டாவது நேரலை முகமாற்றம். கேமரா முன்னாடி மோசடிக்காரன் உட்கார்ந்திருப்பான், மென்பொருள் அவன் முகத்துமேல இன்னொருத்தர் முகத்தை ஒட்டும். அந்தப் படம் "விர்ச்சுவல் கேமரா" (நிஜக் கேமரா மாதிரி நடிக்கற மென்பொருள்) வழியா வாட்ஸ்அப்புக்கோ ஜூமுக்கோ போகும். மூணாவதுல தொழில்நுட்பமே கம்மி. முன்னாடியே தயார் பண்ணின துண்டு வீடியோவைப் பத்து இருபது செகண்டு ஓட்டிட்டு, "சிக்னல் இல்லை, சாட்ல வா"ன்னு கட் பண்ணிடுவான். முகத்தைக் காட்டி நம்ப வெச்சாச்சு, மிச்சமெல்லாம் எழுத்துல நடக்கும். செலவும் கம்மி, மாட்டிக்கற வாய்ப்பும் கம்மி.

குரலுக்கு நிறைய மாதிரி வேண்டியதில்லை. 3 செகண்டு ஒலியிலிருந்தே குரலைப் போலி செய்யற ஏஐ மென்பொருளை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023லயே காட்டிட்டாங்க. தமிழ்ல வராதுன்னும் நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியில கலைஞர் செயற்கை வீடியோவுல மேடையில பேசினதை நாம பார்த்தாச்சு. அது ஏமாத்த வந்ததில்லை, ஆனா என்ன முடியும்னு தெரிஞ்சுபோச்சு. நம்ம ஊர்ல கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு எல்லாம் யூடியூப் நேரலை. மைக் பிடிச்சு வரவேற்புரை பேசற முதலாளியோட குரலும் முகமும் மணிக்கணக்குல அங்கயே கிடக்குது.

சோதனைன்னு கேட்டீங்க. நேரலை முகமாற்றம் கண், மூக்கு, வாய், தாடைன்னு முகத்துல புள்ளிகளைப் பிடிச்சு வேலை செய்யுது. அதனால புள்ளி மறையும்போது தடுமாறும். விரல்களை விரிச்சுக் கையை முகத்துக்குக் குறுக்கே மெதுவாக் கொண்டுபோகச் சொல்லுங்க. முழுசா இடப்பக்கம் திரும்பி ஒரு காது மட்டும் தெரியற மாதிரி நிக்கச் சொல்லுங்க. கண்ணாடியைக் கழட்டி மாட்டச் சொல்லுங்க. எழுந்து சன்னல் பக்கம் நடக்கச் சொல்லுங்க, வெளிச்சம் மாறும்போது முகத்தோட நிறமும் கழுத்தோட நிறமும் ஒண்ணா மாறுதான்னு பாருங்க. முடியோரம், பல்லு, காதோரம் இந்த மூணு இடத்துலதான் பிசிறு தெரியும்.

இதுல தோத்தா போலின்னு முடிவு பண்ணிக்கலாம். ஜெயிச்சா நிஜம்னு முடிவு பண்ணக்கூடாது. வாட்ஸ்அப் வீடியோ நசுங்கித்தான் வருது, சின்னத் திரையில பிசிறு தெரியாது, புது மென்பொருள்கள் பக்கவாட்டு முகத்தையும் நல்லாச் சமாளிக்குது. கண்ணு சிமிட்டறானான்னு பாருங்கங்கற பழைய ஃபார்வேர்டை அழிச்சிடுங்க. இப்ப எல்லாம் நல்லாவே சிமிட்டுது.

சென்னிமலைத்தறி

இத்தனை எதுக்குங்ணா? நம்ம பேச்சுல நாலு வார்த்தை கேளுங்க. "ஒறம்பரை (விருந்தாளிங்க) எப்ப வர்றாங்க"ன்னா முழிப்பான். கம்ப்யூட்டர் குரல் செய்தி வாசிக்கற மாதிரிதான பேசுது.

பவானிக்கூடல்

பாதி சரிதான் தம்பி. எழுதிக் கொடுத்ததைப் படிக்கற குரல்னா எழுத்துத்தமிழ் வாடை அடிக்கும், "ங்க" விழற இடம் மாறும். விளம்பர வீடியோவுல இதைக் கவனிக்கலாம். ஆனா நேரலைக் குரல் மாத்தி அப்படி வேலை செய்யறதில்லை. அது பேசறவனோட உச்சரிப்பையும் ஏத்த இறக்கத்தையும் வெச்சுகிட்டுக் குரலோட தன்மையை மட்டும் மாத்துது. பேசறவன் தமிழனா இருந்தா தமிழ் சுத்தமாவே வரும். மியான்மர், கம்போடியா மோசடிக் கூடங்கள்ல வேலைன்னு ஏமாத்திக் கூட்டிட்டுப் போன தமிழ்நாட்டுப் பசங்களை 2022லிருந்து மீட்டுட்டு வர்றாங்க. அங்க தமிழ் பேச ஆள் இருக்குதுன்னுதான் அர்த்தம். பேச்சுவழக்கைச் சந்தேகப்பட வெச்சுக்கலாம், நம்பறதுக்கு வெச்சுக்காதீங்க.

கிளைமேசை

வங்கிப் பக்கத்திலிருந்து. பவானிக்கூடல் சொன்ன சோதனை எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கலாம், ஆனா அதை நம்பி ஒரு ரூபாய் அனுப்பக்கூடாது. முகத்தை ஆராயற வேலையை அக்கவுண்ட்ஸ் பையன் தலையில கட்டறதே தப்பு. வந்த காலை வெச்சுட்டு, நம்மகிட்ட ஏற்கெனவே பதிவா இருக்கற நம்பருக்கு நாம கூப்பிடறதுதான் வேலை.

அதுலயும் சூட்சுமம் இருக்குது. திருப்பிக் கூப்பிடறது வாட்ஸ்அப்ல இருக்கக்கூடாது, சாதாரண கால்ல இருக்கோணும். முதலாளியோட வாட்ஸ்அப்பே களவு போயிருந்தா, வாட்ஸ்அப்ல திருப்பிக் கூப்பிட்டாலும் மோசடிக்காரனே எடுப்பான். இன்னொண்ணு கால் ஃபார்வேர்டிங். கூரியர்காரன்னு சொல்லிகிட்டு நட்சத்திரக் குறியோட ஒரு நம்பரை அடிக்க வெச்சு, வர்ற கால் எல்லாத்தையும் தன் நம்பருக்குத் திருப்பிக்கற வேலை நடக்குது. *#21# அடிச்சா ஃபார்வேர்டு இருக்குதான்னு காட்டும், ##002# அடிச்சா எல்லாம் நீங்கும். முதலாளி, பங்குதாரர், மேனேஜர் போன்ல எல்லாம் மாசம் ஒருக்கா பார்த்துக்குங்க. முதலாளி எடுக்கலைன்னா ரெண்டாவதா யாரைக் கூப்பிடறதுன்னும் முன்கூட்டியே முடிவாகியிருக்கோணும். பங்குதாரரோ, வீட்டம்மாவோ, யாராவது ஒருத்தர் பேர்.

அடுத்தது கணக்கு எண். இந்த மாதிரி மோசடியில பணம் போறது எப்பவும் புதுக் கணக்குக்குத்தான். அதனால காவல் போட வேண்டிய இடம் புதுப் பயனாளியைச் சேர்க்கற இடம். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 ஏப்ரல் 1லிருந்து ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் ரெண்டுலயும் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் போட்டா அந்தக் கணக்குக்காரர் பேரைக் காட்டற வசதி வந்திருக்குது. அதைக் கட்டாயம் அழுத்துங்க. டையிங் யூனிட் பேரைச் சொல்லி, பேர் காட்டற இடத்துல எங்கயோ இருக்கற தனியாள் பேர் வந்தா அத்தோட நிறுத்துங்க. "ஒரு ரூபாய் போட்டுப் பார்த்தேன், போச்சு"ங்கறது சோதனையே இல்லை. அப்படி ஒரு கணக்கு உயிரோட இருக்குதுன்னு மட்டும்தான் அதுல தெரியும்.

கம்பெனி நெட்பேங்கிங்ல ஒருத்தர் பதிவு பண்ணி இன்னொருத்தர் ஒப்புதல் கொடுக்கற முறை இருக்குது. நம்ம ஊர்ல அதைக் கெடுக்கறது ஒரே பழக்கம்தான். முதலாளியோட பாஸ்வேர்டு, ஓடிபி வர்ற பழைய போன், டோக்கன், மூணும் அக்கவுண்ட்ஸ் மேசை டிராயர்ல கிடக்கும். பேருக்குத்தான் ரெண்டு ஆள், ஒப்புதல் கொடுக்கறது ஒரே கை. அந்தப் போனை எடுத்து முதலாளி கையில கொடுக்காத வரைக்கும் வேற எது செஞ்சும் பிரயோசனமில்லை.

நொய்யல்கரை

கிளைமேசை அண்ணா சொல்றது சரிங்க, ஆனா நடைமுறையில இடிக்குது. பணம் ஏறலைன்னா டையிங்காரர் துணி விடமாட்டாரு. துணி வரலைன்னா கட்டிங் நிக்கும், ஷிப்மெண்ட் தேதி போயிரும். ஒவ்வொண்ணுக்கும் இப்படிச் சரிபார்த்துகிட்டு ஒரு நாள் காத்திருந்தா தொழில் ஓடாது. இன்னொண்ணு, முதலாளி கால்லயே கத்தறப்ப "வெச்சுட்டுக் கூப்பிடறேன்"னு சொல்ல அந்தப் பையனுக்கு எப்படி வாய் வரும்?

கிளைமேசை

எல்லாத்துக்கும் காத்திருக்க வேண்டாமுங்க. அவசரம்னா பழைய கணக்குக்குப் போடுங்க. ஆறு மாசமா எந்தக் கணக்குக்குப் போயிட்டிருக்குதோ அதுக்கு இப்பவே அனுப்பலாம், யாரும் தடுக்கலை. புதுக் கணக்குன்னா மட்டும் ஒரு வேலை நாள் பொறுங்க. அவசரமும் புதுக் கணக்கும் ஒண்ணா வந்தா அங்க நிக்கோணும். நிஜமான டையிங்காரர் வங்கியை மாத்தினா ரத்து செஞ்ச காசோலை, லெட்டர்ஹெட்ல கையெழுத்து ரெண்டும் தரட்டும். சரிபார்க்கக் கூப்பிடறது அவரோட பழைய பில்லுல இருக்கற நம்பருக்கு. புது லெட்டர்ல இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டா மோசடிக்காரனே "ஆமாங்க சாமி, நாங்கதான்"ம்பான்.

கத்தற பிரச்சினைக்கு, முதலாளியே ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேஷ் மேசையில ஒட்டட்டும்: "புதுக் கணக்குக்குப் பணம் அனுப்ப நானே வீடியோவில் சொன்னாலும், என் நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டு உறுதி செய்யாமல் அனுப்பக்கூடாது. அதனால் ஆகும் தாமதத்துக்கு யார் மேலும் நடவடிக்கை இல்லை." ரெண்டாவது வாக்கியம் இல்லைன்னா முதல் வாக்கியம் வேலை செய்யாது. பையன் பயப்படறது மோசடிக்காரனுக்கில்லை, முதலாளிக்கு.

அமராவதி

கரூர் ஏற்றுமதிக்காரங்களுக்கு ஒரு சேர்க்கை. நம்ம முகத்தை வெச்சு வெளிநாட்டு வாங்குபவரை ஏமாத்தறதும் இருக்குது. "எங்க வங்கிக் கணக்கு தணிக்கையில இருக்குது, இந்தத் தடவை இந்தக் கணக்குக்குப் போடுங்க"ன்னு நம்ம பேர்ல மெயில், கூடவே நம்ம மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிக்கறவர்) முகத்தோட ஒரு நிமிஷ கால். பணம் அவங்க பக்கமிருந்து போயிரும், சரக்கு நம்ம பக்கமிருந்து போயிரும், சண்டை ரெண்டு பக்கமும். ஒவ்வொரு ப்ரொஃபார்மா இன்வாய்ஸ்லயும் வங்கி விவரத்துக்குக் கீழயே "இந்தக் கணக்கை மெயிலிலோ வீடியோ காலிலோ மாற்றமாட்டோம்"னு ஆங்கிலத்துல அச்சடிச்சுடுங்க. செலவில்லாத காரியம்.

இது பெரும்பாலும் மெயில் பெட்டி களவு போறதுல ஆரம்பிக்குது. முகம் கடைசியில வர்ற அலங்காரம்தான். மெயில் அமைப்புல "தானா அனுப்பு" விதி ஏதாவது நமக்குத் தெரியாம போட்டிருக்குதான்னு பாருங்க. ரெண்டு படி சரிபார்ப்பு போடுங்க. கம்பெனி டொமைனுக்கு டிமார்க் பதிவு (நம்ம டொமைன் பேர்ல மத்தவங்க மெயில் அனுப்பறதைத் தடுக்கற அமைப்பு) இருக்குதான்னு வெப்சைட் செஞ்சு கொடுத்தவரைக் கேளுங்க. ஆங்கிலத்துல ஆர், என் ரெண்டையும் ஒட்டிப் போட்டா எம் மாதிரித் தெரியும், அந்த மாதிரிப் போலி டொமைனுக்கு டிமார்க் காவலாகாது. அதைக் கண்ணாலதான் பார்க்கோணும்.

வீட்டுப் பக்கத்துக்கு வர்றேன். பேரன் பெங்களூர்ல, பேத்தி வெளிநாட்டுல, ஊர்ல அப்பச்சியும் அமுச்சியும் (தாத்தாவும் பாட்டியும்) மட்டும்னு இருக்கற வீடுதான் இவனுகளுக்கு வாகு. "ஆக்சிடெண்டு", "போலீஸ் பிடிச்சிருச்சு", "அம்மாவுக்குச் சொல்லாதீங்க", இந்த மூணுல ஒண்ணு கட்டாயம் இருக்கும். வீட்டுக்குள்ள ஒரு ரகசியச் சொல் வெச்சுக்கறது நல்ல முறை, ஆனா என்ன சொல் வெக்கறோம்ங்கறதுலதான் கோட்டை விடறாங்க. குலதெய்வம், கூட்டம் (குலப்பிரிவு), காணி (குலத்தோட பூர்வீக ஊர்), அமுச்சி ஊர், இதெல்லாம் கல்யாணத் தரகர் வாட்ஸ்அப் குரூப்புல ஜாதகத்தோட சுத்திகிட்டிருக்குது. அதைக் கேட்டுச் சரிபார்த்தா அவன் டக்குனு சொல்லிடுவான், நம்பிக்கை எச்சாயிரும். எங்கயும் எழுதாத, வீட்டுக்குள்ள மட்டும் தெரிஞ்ச ஒண்ணா இருக்கோணும். அந்தச் சொல்லையும் வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்பாம நேர்ல சொல்லிக் கொடுங்க.

பெரியவங்களுக்கு ரகசியச் சொல் அவசரத்துல மறந்துபோகும். அவங்களுக்கு ஒரே வாக்கியம் போதும்: "போனை வெய்யி கண்ணு, நானே கூப்பிடறேன்." இதைச் சொல்லிப் பழக வெச்சுடுங்க.

கிளைமேசை

அமராவதி அக்கா சொன்னதோட போன் அமைப்பையும் சேர்த்துக்குங்க. வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல பிரைவசிக்குள்ள கால்ஸ்ங்கற இடத்துல தெரியாத நம்பர் காலை அமைதியாக்கற பொத்தான் இருக்குது, போட்டுடுங்க. அக்கவுண்ட் பகுதியில டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்ல 6 இலக்க பின் வெய்யுங்க. லிங்க்ட் டிவைசஸ்ல தெரியாத கம்ப்யூட்டர் இருந்தா வெளியேத்துங்க. முகப்புப் படம் தொடர்புல இருக்கறவங்களுக்கு மட்டும் தெரியட்டும். வீடியோ கால்ல யாராவது "ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க"ன்னா அந்த நொடியே வெச்சுடோணும். அதுக்கப்பறம் வர்ற ஓடிபி எல்லாம் அவனுக்கும் தெரியும்.

பணத்தை ரெண்டாப் பிரிங்க. யுபிஐ இருக்கற கணக்குல மாசச் செலவுக்கு மட்டும். சேமிப்பும் வைப்புத்தொகையும் யுபிஐயோட இணையாத வேற கணக்குல. வைப்புத்தொகையை ஆன்லைன்லயே உடைக்கற வசதியும் பல வங்கி ஆப்ல இருக்குது, கிளையில எழுதிக் கொடுத்து நெட்பேங்கிங்கைப் பார்க்க மட்டும்னு மாத்திக்கலாம். பெரியவர் பதட்டமா வந்து வைப்புத்தொகையை உடைச்சு ஆர்டிஜிஎஸ் பண்ணச் சொன்னா, கவுண்டர்ல "யாருக்குங்க, எதுக்குங்க"ன்னு கேக்கறதுக்குக் கோவிச்சுக்காதீங்க. "வங்கியில கேட்டா நிலம் வாங்கறேன்னு சொல்லு"ன்னு மோசடிக்காரன் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பறான்.

ஆழியாறு

விளம்பர வீடியோ பத்தி யாரும் விரிவாச் சொல்லலையே. பொள்ளாச்சிப் பக்கம் கால்ல ஏமாந்ததைவிட ஃபேஸ்புக் விளம்பரம் பார்த்துப் பணம் போட்ட பேச்சுத்தான் எச்சா காதுல விழுகுது.

நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேசற மாதிரி, 21,000, 22,000 ரூபாய் போட்டா மாசம் லட்சக்கணக்குல வரும்னு வீடியோ. இதைப் போலின்னு மத்திய அரசோட பிஐபி உண்மைச் சரிபார்ப்புப் பிரிவு திரும்பத் திரும்பச் சொல்லியிருக்குது. ரிசர்வ் வங்கி ஆளுநர் பேர்ல வந்த வீடியோவுக்கு அந்த வங்கியே 2024 நவம்பர்ல எச்சரிக்கை விட்டுச்சு. தேசியப் பங்குச் சந்தைத் தலைவர் பங்கு பரிந்துரைக்கற மாதிரி வந்ததுக்கு 2024 ஏப்ரல்ல. நம்ம வெள்ளியங்கிரி அடிவாரத்து ஈஷா நிறுவனர் கைதானதாப் போலி விளம்பரம் போட்டு முதலீட்டு வலைக்குள்ள இழுத்தது தில்லி உயர்நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2025ல அவருக்குச் சாதகமா உத்தரவு வந்துச்சு.

வலை எப்படி ஓடுதுன்னா: விளம்பரத்தைத் தொட்டா ஒரு டிவி சேனல் செய்திப் பக்கம் மாதிரியே ஒண்ணு திறக்கும். கீழ பேரும் போன் நம்பரும் கேக்கும். அரை மணியில "உங்க மேனேஜர்"னு கால். முதல்ல கட்டின காசுக்கு லாபம் வந்த மாதிரி ஆப்ல எண்ணு ஏறும், சின்னத் தொகையை எடுக்கவும் விடுவான். பெரிசாப் போட்டதுக்கப்பறம் எடுக்கப் போனா "வரி கட்டு, கமிஷன் கட்டு". அந்த ஆப்ல தெரியற எண்ணு அவன் டைப் பண்ணினது, எந்தச் சந்தையிலயும் இல்லாதது.

2012ல ஈமு கோழிக்குப் பணம் போட்டப்பவும் டிவியில தெரிஞ்ச முகங்கதான் வந்து சொல்லுச்சு. அதுல நிஜ முகம், இதுல போலி முகம், போட்ட பணம் போறது ஒரே பக்கம்.

சரிபார்க்கற வழி: பங்குச் சந்தையைக் கண்காணிக்கற செபி 2025 அக்டோபர் 1லிருந்து பதிவுபெற்ற தரகர், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாத்துக்கும் தனி யுபிஐ முகவரி கொடுத்திருக்குது. அட் குறிக்கு அப்பறம் "வேலிட்"னு தொடங்கி வங்கிப் பேர் வரும், பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள்ள கட்டைவிரல் குறி தெரியும். "செபி செக்"ங்கற சரிபார்ப்பு வசதியில யுபிஐ முகவரியையோ கணக்கு எண்ணையோ போட்டும் பார்க்கலாம். பங்குச் சந்தை முதலீடுன்னு சொல்லிட்டு யாரோ ஒரு டிரேடர்ஸ், யாரோ ஒரு எண்டர்பிரைசஸ் நடப்புக் கணக்குக்குப் பணம் கேட்டா வேற ஆராய்ச்சியே வேண்டாம். வங்கி வெப்சைட்னா முகவரி "டாட் பேங்க் டாட் இன்"னு முடியோணும், 2025 அக்டோபர் கடைசிக்குள்ள எல்லா வங்கியும் அதுக்கு மாறோணும்னு ரிசர்வ் வங்கி கெடு வெச்சிருந்துச்சு.

வீடியோவே போலியான்னு தெரியோணும்னா ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போடுங்க. அதே சட்டை, அதே மேசை, அதே கொடியோட அசல் பேச்சு பல தடவை கிடைச்சுடும்.

சென்னிமலைத்தறி

வீடியோ கால்ல போலீஸ் யூனிஃபார்ம்ல வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்"ங்கறதும் டீப்ஃபேக்தானா?

பெருந்துறை வக்கீல்

பெரும்பாலும் இல்லை. வாடகை யூனிஃபார்ம், பின்னாடி ஒரு சின்னம், முன்னாடி ஒரு நடிகன். அதுக்கு முகமாற்றமே தேவைப்படறதில்லை. சட்டத்துல டிஜிட்டல் கைதுன்னு ஒண்ணு கிடையாது. 2025 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் இந்த வழக்குகளை சிபிஐ விசாரிக்கச் சொல்லியிருக்குது. அது தனி இழைக்கு உரிய விஷயம்.

பணம் போனதுக்கப்பறம் என்னன்னு நொய்யல்கரை கேட்டதுக்கு வர்றேன். முதல் வேலை சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிடறது. எந்த ஊர் ஸ்டேஷன் எல்லைன்னு யோசிக்க வேண்டாம். கூப்பிடறதுக்கு முன்னாடி கையில வெச்சிருக்க வேண்டியது: உங்க கணக்கு எண், பணம் போன தேதி நேரம், தொகை, பரிவர்த்தனை எண். யுபிஐ, ஐஎம்பிஎஸ்னா 12 இலக்கம். நெஃப்ட்னா 16 எழுத்தெண், ஆர்டிஜிஎஸ்னா 22. ஒரு இலக்கம் தப்பாப் படிச்சா அந்த வங்கிக்குப் போற எச்சரிக்கை தேடிகிட்டே நிக்கும், அதுக்குள்ள பணம் தாண்டிடும். முதல் கணக்குல விழுந்த பணத்தைச் சில நிமிஷத்துல பத்துப் பதினஞ்சு கணக்குக்குப் பிரிச்சு, ஏடிஎம்லயும் காசோலையிலயும் எடுத்து, மிச்சத்தைக் கிரிப்டோவா மாத்திடறாங்க. 1930 பதிவு ஏறினதும் அந்தச் சங்கிலியில பணம் எங்க நிக்குதோ அங்க வங்கி பிடிச்சு வெக்கும். அதனாலதான் நேரம் முக்கியம்.

எஸ்எம்எஸ்ல ஒப்புகை எண் வரும். அதோட வேலை முடியலை. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்துல 24 மணி நேரத்துக்குள்ள முழுப் புகாரையும் பதிவு பண்ணோணும். கிளைக்கும் எழுத்துல ஒரு புகார் கொடுத்து, வாங்கினதுக்கு முத்திரை போட்டு வாங்கிக்குங்க.

சாட்சியத்தைக் கெடுக்காதீங்க. ஆத்திரத்துல சாட்டை அழிச்சு நம்பரை பிளாக் பண்ணிடறாங்க. அழிக்காம எக்ஸ்போர்ட் பண்ணுங்க. வீடியோவை வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா நசுங்கிப் புதுக் கோப்பாயிரும். டாக்குமெண்டா அனுப்புங்க, அசல் இருக்கற போனை அப்படியே வெய்யுங்க, ஃபேக்டரி ரீசெட் வேண்டாம். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்துல காட்டத் தேவையான பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவு சான்றிதழுக்கு அசல் கோப்பு வேணும். விளம்பரம்னா அந்தப் பக்கத்தோட முகவரியையும் லிங்கையும் குறிச்சுக்குங்க, நாளைக்கு அந்தப் பக்கம் இருக்காது.

இந்தக் குற்றத்துக்குப் பொருந்தற பிரிவுகள்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி, பாரதிய நியாய சன்ஹிதா 318(4), 319. பிடிச்சு வெச்ச பணத்தைத் திரும்ப வாங்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 503ன் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துல மனு. பணம் நிக்குதுன்னு தெரிஞ்சும் மனு போடாம வருஷக்கணக்கா விட்டுடறவங்க உண்டு.

வங்கி ஈடு கட்டுமான்னு அடுத்துக் கேட்பீங்க. ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தப்பில்லாம போன பணத்தை 3 வேலை நாளுக்குள்ள சொன்னா அவருக்குப் பொறுப்பில்லைன்னு சொல்லுச்சு. ஆனா நாமளே பின் போட்டு அனுப்பினதை வங்கிகள் அந்தக் கணக்குல சேர்க்கறதில்லை. இந்தச் சுற்றறிக்கையை மட்டும் காட்டி "முழுப்பணம் வந்துரும்"னு சொல்ற ஏஜெண்டுகளை நம்பாதீங்க. ஏமாந்தவங்களையே தேடிப் பிடிச்சு "மீட்டுத் தர்றோம்"னு மறுபடி ஏமாத்தறது தனித் தொழிலாவே நடக்குது.

மஞ்சமண்டி

வக்கீலய்யா, மறுபக்கத்தையும் சொல்லுங்க. ஈரோட்டுல மஞ்சள் வித்தவன், ஜவுளி வித்தவன் கணக்குல அந்த மோசடிப் பணம் நாலாவது அஞ்சாவது கையா வந்து விழுந்துட்டா, மொத்தக் கணக்கையும் முடக்கிடறாங்க. வேற மாநிலத்துப் போலீஸ், இந்தியில கடிதம், யாரைப் பார்க்கறதுன்னு தெரியறதில்லை.

பெருந்துறை வக்கீல்

கிளையில மூணு விவரம் எழுத்துல கேளுங்க: புகாரோட ஒப்புகை எண், எந்த மாநிலம் எந்த ஸ்டேஷன், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. தொகை தெரிஞ்சா அந்த அளவுக்கு மட்டும் பிடிச்சு வெச்சு மிச்சத்தை விடச் சொல்லி வங்கிக்கும் விசாரணை அதிகாரிக்கும் மனு கொடுங்க. தொகையைக் குறிப்பிடாம மொத்தக் கணக்கையும் முடக்கறது சரியில்லைன்னு சென்னை உயர்நீதிமன்றம் 2024ல சொல்லியிருக்குது, அதை மனுவுல சேர்க்கலாம். கூட வெக்க வேண்டியது அந்த விற்பனையோட பில், ஈவே பில், லாரி ரசீது, வாங்கினவரோட ஜிஎஸ்டி எண், பேசின சாட்.

பில் இல்லாம வித்திருந்தா இங்கதான் மாட்டிக்குவீங்க. "பில் வேற பேர்ல போடுங்க, பணம் வேற ஒருத்தர் அனுப்புவார்"ங்கற வியாபாரத்தை நிறுத்தறதுதான் காவல். சரக்கு வாங்கற பேரும் பணம் வர்ற பேரும் ஒண்ணா இல்லைன்னா லோடு ஏத்தாதீங்க.

ஒரு சங்கதி சேர்த்துச் சொல்லிடறேன். நடப்புக் கணக்கை மாசம் இவ்வளவுன்னு வாடகைக்குக் கேட்டு வர்ற ஏஜெண்டுகள் நம்ம மாவட்டங்கள்லயும் சுத்தறாங்க. படிக்கற பசங்க, தறிப்பட்டறைப் பசங்கதான் குறி. கணக்கைக் கொடுத்தவன் பேர்லதான் முதல்ல கேஸ் வரும்.

அமராவதி

பொண்ணுங்க முகத்தை ஆபாசப் படத்துல ஒட்டி மிரட்டினா இதே வழிதானா?

பெருந்துறை வக்கீல்

பணம் மட்டும் கொடுக்கவே கொடுக்காதீங்க, கொடுத்தா தொகை ஏறுமே ஒழிய நிக்காது. முன்னாடி சொன்ன சைபர்கிரைம் தளத்துல பெண்கள், குழந்தைகளுக்கான தனிப் பிரிவு இருக்குது, பேர் சொல்லாமயே புகார் பண்ணலாம். ஸ்டாப் என்சிஐஐங்கற இலவச சேவை, 18 வயசு தாண்டினவங்களுக்கு, படத்தை வெளிய அனுப்பாமயே அதோட கைரேகை மாதிரி ஒரு குறியீட்டை மட்டும் எடுத்து, சேர்ந்திருக்கற சமூகவலைத்தளங்கள்ல அது ஏறாம தடுக்குது. படத்தைச் சாட்சிக்குக்கூட வேற யாருக்கும் ஃபார்வேர்டு பண்ணாதீங்க.

மட்டுறுத்துநர்

ஏமாந்தவங்களைக் கேலி பண்ணின ரெண்டு பதிவு நீக்கப்பட்டது. சந்தேகப்படற நம்பர்களையும் இங்க போட வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல "சக்ஷு"ங்கற பகுதியில பதிவு பண்ணுங்க, அங்க போட்டாத்தான் நம்பர் துண்டிக்கற நடவடிக்கைக்குப் போகும்.

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றிங்க. கேஷ் மேசைக் கடிதத்தை எழுதியாச்சு, திங்கட்கிழமை கையெழுத்து. ஒரே ஒரு சந்தேகம். ஞாயித்துக்கிழமை ராத்திரி பணம் போகுது, 1930 பிஸியாவே இருக்குது, கிளையும் பூட்டியிருக்குது. அப்ப?

பெருந்துறை வக்கீல்

ஒருத்தர் 1930ஐ விடாம அடிச்சுகிட்டே இருக்கட்டும். இன்னொருத்தர் அதே நேரத்துல சைபர்கிரைம் தளத்துல நிதி மோசடிப் பிரிவுல பதிவு பண்ணட்டும், அந்தப் பதிவும் வங்கிக்குப் போகும். மூணாவது ஆள் உங்க வங்கியோட 24 மணி நேர எண்ணுக்கு. அந்த எண்ணைக் கூகுள்ல தேடாதீங்க, போலி வாடிக்கையாளர் சேவை நம்பர் அங்கயும் உட்கார்ந்திருக்கும். டெபிட் கார்டு பின்பக்கத்துல இருக்கறதை இன்னைக்கே போன்ல பதிஞ்சு வெய்யுங்க.

கிளைமேசை

நெஃப்ட் 2019 டிசம்பர்லிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர்லிருந்தும் ஞாயிறு ராத்திரியும் ஓடுதுங்க, அதனால திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்காதீங்க. கம்பெனிக் கணக்குன்னா வங்கி ஆப்லயே ராத்திரி நேரத்துக்கும் விடுமுறைக்கும் தனி வரம்பு வெக்க முடியுமான்னு கிளையில கேட்டுப் பாருங்க. வசதி இல்லைன்னா சனிக்கிழமை சம்பளம் முடிஞ்சதும் நெட்பேங்கிங் வரம்பைக் குறைச்சுட்டு, திங்கட்கிழமை காலையில ஏத்திக்கலாம்.